பாதி முடிச்சு

அவளுக்கு ஒரு மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை. டாக்டர் எழுதியதும் டப்பாவில் இருப்பதும் ஒன்றுதானா என்று இரண்டு தடவை பார்க்காமல் எந்த மாத்திரையும் அவள் கையை விட்டுப் போகாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் கட்டட வரைபடம் போடுகிறவன். ஒரு மாடி வீட்டை அங்குலம் அங்குலமாக வரைந்துவிட்டு, அதற்குப் படி வைக்க மறந்த புண்ணியவான்.

"மாப்பிள்ளைக்குப் படி எதுக்குடி? அவர்தான் சுவரைப் பிடிச்சே ஏறிடுவாரே" என்று அவள் அம்மா போனில் சிரித்தாள். அம்மா சொன்னதில் பொய் இல்லை. லீவு நாள் வந்தால் அவனுக்குப் பாறை ஏற வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி. அதன் உச்சியில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு திட்டு, அங்கே பாறையில் அறைந்த இரும்பு வளையங்கள். பின்பக்கமாகச் சுற்றிப் போய்க் கயிற்றை அதில் கோத்துவிட்டு வருவார்கள். ஒரு முனை அவன் இடுப்புப் பட்டையில் முடிச்சாக இருக்கும். மறுபக்கம் கீழே நிற்கிற அவள் கையில். அவன் ஏற ஏற அவள் தொய்வை இழுத்துக்கொள்ள வேண்டும். உச்சிக்குப் போனதும் அவன் இரண்டு கைகளையும் விட்டுவிட்டுப் பின்னால் சாய்வான், அவள் மெல்ல இறக்குவாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாத மனிதனுக்குப் பாறையில் நகக்கண் அளவு விளிம்பு தெரிந்தது. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. வீட்டில் நடப்பதெல்லாம் வேண்டுமென்றே நடக்கிறது என்று முடிவுகட்டி, அதை ருசுப்பிக்கவே அவனை ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்தம்மா கட்சி மாறிவிட்டார்.

"கவனம் குறைச்சல்னு யாரும்மா சொன்னது? அது நிறையவே இருக்கு. இவர் பேச்சைத்தான் கேக்காது. பிடிச்ச வேலையா இருந்து, கொஞ்சம் ஆபத்தும் இருந்தா, மொத்தமும் அங்க போய் ஒட்டிக்கும். அப்ப பசி தெரியாது, வலி தெரியாது, பக்கத்துல ஒருத்தர் கூப்பிட்டாலும் தெரியாது. ஏ.டி.எச்.டி.ங்கிற இந்தக் கவனக் கோளாறுல இதுவும் சேர்த்திதான்."

"அந்த ஒருத்தர் நான்தான் டாக்டர்" என்றாள் அவள்.

இது நடந்த மறு வாரம் அவன் குளியலறைக் குழாயை மூடாமல் விட்டு, கீழ் வீட்டுக்காரர்களின் கட்டில் நனைந்தது. குவாரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் அதைப் பற்றியே பேசினாள். பாறையடிக்கு வந்தும் நிறுத்தவில்லை. அவன் பட்டையில் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தான்.

"கீழ் வீட்டம்மா முகத்துல நான் எப்படி முழிக்கிறது? சொல்லுங்க!"

அவன் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "சாரிம்மா. சாரி." சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் பாறையில் கை வைத்தான். அவனைச் சாரி சொல்ல வைத்த திருப்தியில் அவளும் கயிற்றைப் பிடித்தாள்.

பாதி உயரத்தில் அவன் ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டினான். இடுப்பிலிருந்து கயிற்றின் நுனி தனியே ஆடியது.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நுனி பட்டைக்குள் நுழைந்திருந்தது, திரும்பி வந்து முடிச்சுக்குள் போகவில்லை. பாதி முடிச்சு. வலுவாக ஒரு இழுப்பு இழுத்தால் கயிறு கழன்று வந்துவிடும். முடிச்சுப் போடுகிறவரிடம் பேசக் கூடாது, போட்டு முடித்ததும் கீழே நிற்பவர் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பாறை ஏறுகிறவர்களுக்கு இந்த இரண்டும் வேதம். மறதியைப் பற்றிப் பாடம் நடத்திய மும்முரத்தில் அவள் இரண்டையும் மறந்திருந்தாள்.

கத்த வாய் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். ஏறிய வழியில் இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். இப்போது அவனைப் பாறையோடு பிடித்து வைத்திருப்பது கயிறு அல்ல, அந்த ஒட்டிக்கொண்ட கவனம் மட்டும்தான். அது ஒரு நொடி கலைந்தாலும் போச்சு. இத்தனை வருஷமாகத் தொண்டைத் தண்ணி வற்றக் கூப்பிட்டவள், இன்று மட்டும் இந்த மனிதன் காதில் எதுவும் விழக் கூடாது என்று எல்லாத் தெய்வங்களையும் வேண்டினாள்.

கயிற்றை இழுக்கவில்லை. தொய்வு தொங்கவும் விடவில்லை. அவன் வலது கை எங்கே போகிறது, இடது பாதம் எதில் நிற்கிறது, அது மட்டும்தான் அவளுக்கு உலகத்தில் இருந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்ததும், எறும்புகள் கணுக்காலில் ஏறிக் கடித்ததும் அவளுக்குத் தெரியவே இல்லை. பயம்கூட எங்கோ ஒதுங்கி நின்றது. அவன் விரல் எட்டிப் பிடித்தபோது இவள் விரலும் மடங்கியது.

அவன் வளையத்தைப் பிடித்துத் திட்டில் ஏறி நின்றான். இனிமேல்தான் ஆபத்தே. ஏறி முடித்த மயக்கத்தில் இதோ கையை விட்டுச் சாயப் போகிறான்.

"ஏங்க!" என்றாள். கேட்கவில்லை. "நில்லுங்க!" அதுவும் கேட்கவில்லை. அவன் முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. வலது கை வளையத்தை விட்டது.

"கல்லு!"

மேலிருந்து கல் உருண்டால் குவாரியில் எல்லோரும் போடுகிற கூச்சல் அது. அதைக் கேட்டால் யோசிக்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்வது ஏறுகிறவன் உடம்பில் ஊறிய பழக்கம். அவன் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டான்.

"அப்படியே இருங்க! பெல்ட்ல இருக்கிற கொக்கியை வளையத்துல மாட்டுங்க. மாட்டியாச்சா? இப்ப முடிச்சைப் பாருங்க."

அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கொக்கியில் தொங்கியபடியே முடிச்சை முழுசாகப் போட்டான். ஒவ்வொரு சுற்றையும் அவள் கீழிருந்து வாய்விட்டுச் சொல்ல வைத்தாள். பிறகு கொக்கியைக் கழற்றச் சொல்லி அவனை மெல்ல இறக்கினாள். முடிச்சைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் பாக்கலைங்க. பாக்க வேண்டியவ நான். பேசிட்டே இருந்துட்டேன்."

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"பாதியில."

"பாதியிலயா? அடிப்பாவி, அப்பவே ஏன் கத்தல?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கத்தினா உங்களுக்குக் கேட்டுடுமோன்னு பயந்துட்டேன்."