ஆண்டீஸ் மலையிலிருந்து வந்த படச்சுருள்

1996 செப்ரெம்பர், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு மாலுக்குள் இருந்த படம் கழுவும் கடையில் பாலேஸ்வரி மெஷினுக்கு முன்னால் இருந்தாள். சுருளில் உள்ள படங்கள் ஒவ்வொன்றாகச் சின்னத் திரையில் வரும். வெளிச்சமும் நிறமும் சரியா என்று பார்த்துப் பொத்தானை அமர்த்த வேண்டும். கலியாணங்கள், பிறந்தநாள்கள், நயாகரா. இந்த வேலைக்கு வந்து ஆறு வருசத்தில் மற்றவர்களின் முகங்களை உற்றுப் பார்ப்பதை அவள் விட்டிருந்தாள்.

அன்றைக்கு வந்த சுருள் வேறு மாதிரி இருந்தது. துண்டுதுண்டாகத் தைத்துப் போட்டது போன்ற பச்சை மலைச்சரிவுகள். எரிமலையின் வாய்க்குள் ஒரு பச்சை ஏரி. சிவப்புப் போர்வையைப் போர்த்துக்கொண்டு செம்மறிகளைச் சந்தைக்கு இழுத்துப் போகிற பெண்கள். இருபத்திமூன்றாவது படத்தில் ஒரு சீமெந்துக் கட்டட வாசலில் தொப்பி போட்ட பெண்ணொருத்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். பக்கத்தில் கறுத்து மெலிந்த ஒரு ஆண். வலக்கையால் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சரித்து நின்றான்.

பொத்தானில் இருந்த விரல் அசையவில்லை. கமராவைக் கண்டால் அப்படி நிற்கிறவன் அவள் அறிய ஒருவன்தான். அவளுடைய தம்பி கீதன்.

கீதனும், அவளுடைய புருசன் வாகீசனும் 1991 பங்குனியில், கனடாவுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்ஸிக்காரனை நம்பிக் கொழும்பிலிருந்து வெளிக்கிட்டவர்கள். அவள் அதற்கு மூன்று வருசம் முந்தியே ரொறொன்ரோவுக்கு வந்துவிட்டாள். எக்குவடோர் நாட்டின் தலைநகர் கீற்றோவிலிருந்து வாகீசன் போன் எடுத்து, "நாளைக்கு வெளிக்கிடுறம். ரண்டு கிழமையிலை உம்மட்டை நிப்பன்" என்றான். அதுதான் கடைசி. ஏஜென்ஸிக்காரன் தலைமறைவானான். எழுதாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. ஐந்தரை வருசமாக ஒரு தகவலும் இல்லை.

கீதன் உயிரோடு இருக்கிறான் என்றால் அவரும் இருப்பார். பாலேஸ்வரி சுருளை முதலிலிருந்து ஓட்டினாள். சந்தைக் கூட்டம், பஸ் கூரைகளில் இருந்தவர்கள், தேவாலயப் படிகளில் குந்தியிருந்தவர்கள் என்று முப்பத்தாறு படங்களிலும் ஒவ்வொரு ஆணின் முகமாகப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். வாகீசன் இல்லை. முதலாளி வந்து, மெஷின் ஏன் நிற்கிறது என்று கேட்டபோது, அவளுக்கு அவர் பேசுவது எந்தப் பாஷை என்றே விளங்கவில்லை.

ஐந்து மணிக்குப் படங்களை எடுக்க வந்தவன் தியாகு. திருச்சிக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. அவள் அந்தப் படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"தம்பி, இது ஆர்? எங்கை எடுத்தது?"

அவன் படத்தைக் குனிந்து பார்த்தான். "எக்குவடார்லக்கா. மலை மேல ஒரு கிராமம். அவர் பேரு அலெஹாந்த்ரோ. அங்க பாலாடைக்கட்டி செய்யற இடத்துல வேலை பாக்கறார்."

"இவன்ர பேர் கீதன். என்ர தம்பி."

தியாகு கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாரும் போகிற ஊர்களுக்குப் போகப் பிடிக்காமல், வரைபடத்தில் பேர்கூட இல்லாத கிராமங்கள் வழியே பத்து நாள் நடந்ததாகச் சொன்னான். ஒரு நாளைக்கு ஒரு பஸ்தான். அதை விட்டால் பால் லொறி. "அவரைப் பாத்ததும் நீங்க இந்தியாவான்னு இங்கிலீஷ்ல கேட்டேன். இல்லைன்னு தலையாட்டினார். தமிழான்னு தமிழ்லயே கேட்டேங்க்கா. எதுவும் புரியாத மாதிரி உள்ள போயிட்டார். அவங்க வீட்டம்மாதான் திரும்பக் கூப்பிட்டு நிக்க வச்சாங்க. கொழந்தையோட ஒரு படமும் இல்லையாம்."

தமிழில் கேட்டும் வாய் திறக்கவில்லையா? பாலேஸ்வரி ஸ்ரூலில் இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தியாகு டோர்செட் பார்க்கில் இருந்த அவளுடைய அப்பார்ட்மென்டுக்கு வந்தான். அந்தக் கிராமத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரேயொரு ரெலிபோன் கந்தோர் இருந்தது; அதன் நம்பரை அவன் தேடி எடுத்திருந்தான். அரைகுறை ஸ்பானிஷில் பேசி, அலெஹாந்த்ரோவைக் கூப்பிடச் சொன்னான். ஒரு மணித்தியாலம் கழித்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தபோது, மறுபக்கத்தில் ஒரு ஆண்குரல் ஸ்பானிஷில் ஏதோ கேட்டது. தியாகு ரிசீவரை அவளிடம் கொடுத்தான்.

"கீதன், நான் அக்கா."

இரைச்சல் மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று நினைத்தாள்.

"கீதன், உன்ர அத்தான் எங்கை?"

"அக்கா..." அவனுடைய தமிழ் துருப்பிடித்திருந்தது. "அத்தான் இல்லை அக்கா."

"இல்லை எண்டால்? வேறை எங்கையும் போட்டாரோ?"

"செத்துப்போனார். அந்தப் பங்குனியே."

அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கீதன் அழுதுகொண்டே சொன்னான். கீற்றோவில் பொலிஸ் தேடுது என்று ஏஜென்ஸிக்காரன் அவர்களை லொறியில் மலைக்கு ஏற்றிவிட்டான். லொறி இடையில் நின்றுபோக, நடந்து கடக்கச் சொன்னான். அந்த உயரத்தில் வாகீசனுக்கு மூச்சு இழுப்பு வந்தது. ஆட்டிடையர்களின் புல்லுக் குடிசை ஒன்றில் அவரைப் படுக்கவைத்துவிட்டு, ஆள் கூட்டிவரக் கீதன் இறங்கினான். மூடுபனியில் பாதை தவறிவிட்டது. ஆட்களோடு திரும்பிப் போனபோது மூச்சு இருக்கவில்லை.

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? ஒரு கிழமை போகட்டும் எண்டு இருந்தன். பிறகு ஒரு மாதம் போச்சு. ஒரு வருசம் போச்சு. அதுக்குப் பிறகு எடுக்க ஏலாமப் போச்சு அக்கா."

"அஞ்சரை வருசம்! அஞ்சரை வருசமா நான் பொட்டு வைச்சுக்கொண்டு திரிஞ்சனான்ரா! ஒவ்வொரு ஃபோமிலையும் கலியாணம் கட்டினது எண்டு எழுதினனான்!"

கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். தியாகு போய்த் திறந்து, ஒன்றுமில்லை என்றான். திரும்பி வரும்போது பாலேஸ்வரி ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். லைன் அறுந்திருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. தியாகு கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல், அது என்னவென்று தெரியாதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையில் அவள் அந்தக் கிராமத்துக்குப் புறப்பட்டாள்; கந்தோருக்குப் போன் எடுத்து, வரும் நாளைச் சொல்லிவைத்தது தியாகு. கனடாப் பாஸ்போர்ட் இருந்தது. தியாகு தமிழிலேயே வழி எழுதிக் கொடுத்தான். லத்தக்குங்காவில் எந்த பஸ், சும்பாவாவில் சனிக்கிழமைச் சந்தை, ஏரிக்கரையில் தங்க எந்த வீடு, பால் லொறி எத்தனை மணிக்கு, மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும். கடைசி வரிக்கு இரண்டு தரம் அடிக்கோடு போட்டிருந்தான்.

பஸ் ஏற ஏற வானம் பக்கத்தில் வந்தது. மலையில் முட்டி முகில் உடைந்தது. இவ்வளவு வடிவாக இருக்கும் என்று ஆரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவர் செத்த இடம் கறுப்பாக, கரடுமுரடாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஏரியைப் பார்த்தபோது ஆத்திரத்தில் உடம்பு நடுங்கியது. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரப் பெட்டை குளிராக்கும் என்று நினைத்துத் தன் சால்வையைப் போர்த்திவிட்டாள்.

பால் லொறி நின்ற வளைவில் கீதன் காத்திருந்தான். முப்பது வயதில் முடி பாதி நரைத்திருந்தது. கிட்ட வந்தவனுக்கு ஓங்கி ஒரு அறை விட்டாள். அவன் விலகவில்லை. பக்கத்தில் நின்ற அவன் மனைவி ரோசா குழந்தையை இறக்கிவிட்டு வந்து பாலேஸ்வரியின் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அதட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை.

அடுத்த நாள் மூவரும் ஏறினார்கள். இரண்டு மணித்தியாலம். புல்லுக் குடிசை விழுந்து கல்லுகள் மட்டும் கிடந்தன. கொஞ்சம் தள்ளி, நீலப் பெயின்ற் அடித்த ஒரு மரச்சிலுவை. சிலுவையைக் கண்டதும் அவள் நின்றுவிட்டாள்.

"இவையளுக்கு வேறை தெரியாது அக்கா," என்றான் கீதன்.

ரோசா ஏதோ சொன்னாள். அவன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். ஒவ்வொரு கார்த்திகையும் செத்தவர்களின் நாளில் ரோசா பாண் சுட்டுக்கொண்டு இங்கே வந்து, அவருக்கு ஒரு பங்கு வைத்துவிட்டு, பக்கத்திலிருந்து சாப்பிட்டுவிட்டுப் போவாளாம். புதைத்த பிறகு கீதன் ஒருநாளும் வந்ததில்லை. "அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் நானும் வாறன்."

பாலேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். "அவர் எவ்வளவு நேரம் தனியக் கிடந்தவர்?"

"ஒரு இரவு. விடிஞ்சு மத்தியானம் வரைக்கும்."

அவள் சிலுவைக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் இருந்தாள். அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. வெளிச்சம் சாயும்வரை அது நிற்கவில்லை.

ரொறொன்ரோவுக்குத் திரும்பி, மாசியில் வாகீசனுக்குச் செய்ய வேண்டிய காரியங்களைக் கோவிலில் செய்வித்தாள். இறந்த திகதியை ஐயர் கேட்டபோது தடுமாறாமல் சொன்னாள். தம்பியைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுகிறீர்களா என்று வந்தவர்கள் கேட்டார்கள். அவன் வரமாட்டான் என்றாள். அவனைக் கேட்டுப் பார்த்ததாகவோ பார்க்கவில்லை என்றோ சொல்லவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு கீதன் அந்தக் கந்தோரிலிருந்து போன் எடுப்பான். சில ஞாயிறுகளில் அவள் கதைப்பாள். குழந்தைக்குக் காய்ச்சல், மழை, பாலின் விலை. சில ஞாயிறுகளில் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அது அடித்து ஓயும்வரை.