நடுவில் ஒரு துளை

லைடன் நகரத்து வானியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல சேதி யாருக்கோ, அவர்தான் கேக் வாங்கி வர வேண்டும். வாழ்த்துகிறவர்கள் கையை வீசிக்கொண்டு வந்து, தின்றுவிட்டுப் போவார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை, அங்கே ஆய்வு செய்யும் ஃபென்னா ஒரு பெரிய ஆப்பிள் கேக்கை மழையில் நனையாமல் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பின்னே, சும்மாவா? அவளுடைய விண்மீன் அணைந்துவிட்டது.

அவளுடையது என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குகிறவள். அது செத்துச் சுருங்கிப்போன விண்மீன். பக்கத்தில் இருக்கும் இன்னொரு விண்மீனின் வாயுவை உறிஞ்சி, அந்தச் சூட்டில் எக்ஸ்-கதிர்களை வீசுகிறது. அந்தக் கதிர்கள் நம் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமும் அது மங்கலாக, ஒரே சீராகத்தான் இருந்தது. வாயு வரத்து குறைகிறது, சீக்கிரமே அணைந்துவிடும் என்று போன மாதம் நிரந்தர வேலைக்கான நேர்காணலில் ஃபென்னா அடித்துச் சொல்லியிருந்தாள். அதன் முடிவு வியாழக்கிழமை வரும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த புதுப் பதிவில், எத்தனை கதிர் வந்தது என்று கணினி தானாகப் போட்டுத் தரும் எண் பத்தில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. சொன்னது பலித்துவிட்டதே! அந்தக் குஷியில், உலகத்து வானியலாளர்களுக்கெல்லாம் அன்றைக்கே அறிவிப்பு அனுப்பிவிட்டாள். எதிர்பார்த்தது கிடைத்துவிட்டால் யார்தான் திருப்பிப் பார்க்கிறார்கள், சொல்லுங்கள்.

ரூர்ட் பார்த்தான். பக்கத்து மேசைக்காரன், அவள் வயதுதான், மென்று முழுங்கிப் பேசத் தெரியாதவன். வாய் நிறைய கேக்கோடு கேட்டான்:

"கேக் பிரமாதம். படத்தைப் பாத்தியா?"

"எந்தப் படத்தை?"

"உன் விண்மீன் படத்தைத்தான். வேற யாரு படத்தை?"

"எண்ணைப் பாத்தேன். ஒம்பது வருஷமா அப்படித்தானே பாக்குறேன்."

"எண்ணு கொறைஞ்சிருக்கு, சரி. ஆனா வர்ற கதிருக்கு மட்டும் சக்தி கூடியிருக்குனு எழுதியிருக்கியே. அணையப்போற அடுப்புல எங்கயாவது சூடு ஏறுமா, மகராசி?"

"உனக்குப் பொறாமைடா."

"பொறாமைதான், இல்லேங்கல. இன்னொரு துண்டு வெட்டு. ஆனா போய்ப் படத்தைப் பாரு."

போய்ப் பார்த்தாள். படத்தில் அவளுடைய விண்மீன் மெதுவடை மாதிரி இருந்தது. சுற்றிலும் பளீரென்று ஒரு வளையம்; நடுவில் இருட்டாக ஒரு துளை.

அந்தத் தொலைநோக்கியின் கருவி ரயில் நிலையத்துத் தானியங்கிக் கதவைப் போலத்தான் எண்ணுகிறது. ஒருவர் பின் ஒருவராக வந்தால் கணக்கு சரியாக இருக்கும். இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நுழைந்தால், யாரோ ஒரு தடியர் போனார் என்று எழுதிக்கொள்ளும். கும்பலே முட்டிமோதி வந்தால், இதெல்லாம் ஆளே இல்லை என்று மொத்தத்தையும் ஒதுக்கிவிடும். கதிர்கள் கும்பலாக வந்திருக்கின்றன. கருவி திணறிப்போய், ஓரத்தில் ஒட்டி வந்தவற்றைச் சக்தி கூடிய ஒற்றைக் கதிராகவும், நடுவில் ஒன்றுமே இல்லை என்றும் எழுதி வைத்திருக்கிறது. மங்கலான விண்மீனையே பார்த்துப் பழகியவளுக்கு இப்படி ஒரு கும்பல் வரும் என்று தோன்றவே இல்லை.

"அணையலடா," என்றாள். "கொழுந்துவிட்டு எரியுது."

ரூர்ட் குனிந்து பார்த்தான். கிண்டல் எல்லாம் போன இடம் தெரியவில்லை. "ஐயோ, ஃபென்னா. இந்த மாதிரி வெடிப்பு ரெண்டு நாள் தாங்குனாலே அதிகம்."

"எல்லாரும் அணைஞ்சிருச்சுனு வேற பக்கம் திரும்பிட்டாங்க. நான் சொன்னதைக் கேட்டு."

"ஆமா."

"வியாழக்கிழமை முடிவுடா. நேர்காணல்ல அணையும்னு சொன்னேன், நேத்து அணைஞ்சதுனு எழுதினேன். இன்னிக்கு ரெண்டுமே தப்புனு எழுதச் சொல்றியா?"

"நான் எதையும் சொல்லல. நான் எழுதவும் மாட்டேன். இது உன் விண்மீன், உன் அறிவிப்பு."

"வெள்ளிக்கிழமை எழுதினா?"

"எழுது. சாம்பலைப் பத்தி எழுது," என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டான்.

மதியம் ரொட்டியையும் சீஸையும் ஒரு மோர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஃபென்னா கால்வாய்க் கரைக்குப் போனாள். மழை விட்டிருந்தது. வாத்துகள் ரொட்டிக்காகக் கிட்டே வந்தன. அவளுக்குத்தான் எதுவும் இறங்கவில்லை.

நாற்பத்தொரு வயது. இரண்டு வருஷம் இங்கே, மூன்று வருஷம் அங்கே என்று பெட்டியைத் தூக்கித் தூக்கிக் கை ஓய்ந்துவிட்டது. இந்தக் கோடையோடு இந்த வேலையும் முடிகிறது. இந்த நிரந்தர வேலை கிடைத்தால் ஒரு வீடு பார்க்கலாம், சுவரில் ஆணி அடிக்கலாம். மூன்றே நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பதிவு அவள் பெயரில் இருக்கிறது. இன்னும் ஒரு வருஷத்துக்கு வேறு யாரும் திறக்க முடியாது. ரூர்ட் சொல்ல மாட்டான். இருந்துவிடலாமா? இருந்துவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பொய் சொல்வானேன், பாதி முடிவே செய்துவிட்டாள்.

ஆனால் அந்த ஒளி அவளை விடவில்லை. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கிளம்பி, வழியெல்லாம் கடந்து, இன்றைக்குத்தான் வந்து சேருகிறது. வந்து சேரும்போது வாசலில் ஆளே இல்லை என்றால்? அதுவும் யாரும் நிற்க வேண்டாம் என்று சொன்னதே அவள்தான் என்றால்? பாவம் என்று நினைத்தாள். யாரை நினைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ரொட்டியை வாத்துகளுக்குப் போட்டுவிட்டு எழுந்தாள்.

சுற்றி வளைக்காமல் எழுதினாள். "நேற்றைய என் அறிவிப்பு தவறு. விண்மீன் அணையவில்லை, என் கருவி தாங்காத அளவுக்கு எரிகிறது. படத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். உங்கள் தொலைநோக்கிகளை உடனே திருப்புங்கள்." அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அழுத்திய பிறகு பசித்தது.

அன்றிரவே நாலு தொலைநோக்கிகள் திரும்பின. புதன்கிழமை வெடிப்பு அடங்கிவிட்டது. அதற்குள், வேகமாக எண்ணத் தெரிந்த கருவி வைத்திருந்த ஜப்பான்காரர்கள் பிடித்துவிட்டார்கள்: அந்த விண்மீன் பம்பரமாகச் சுழல்கிறது, ஒரு நொடிக்குள் பல சுற்று. சுற்றுக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறையும் அந்தத் துடிப்பைத்தான் ஃபென்னா ஒன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அறிவிப்பில் அவர்கள் பெயர்கள்தான் இருந்தன. அவளுக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் அறிவிப்போடு வந்த துடிப்பு வரைபடத்தை மூடாமல் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை, தேர்வுக்குழுத் தலைவர் மக்டெல்ட் தானே நேரில் வந்தார். கதவைச் சாத்தினார். அப்போதே புரிந்துவிட்டது.

"வேலை உனக்கு இல்ல, ஃபென்னா. நேர்லயே சொல்லிடலாம்னு வந்தேன்."

"அந்த அறிவிப்பாலதானே?"

"எந்த அறிவிப்பு?" மக்டெல்ட் விழித்தார். "ஓ, அதுவா? அய்யோ, இல்லம்மா. இது போன வாரமே முடிவாயிருச்சு. ஆளைப் போட்டாச்சு. மேலிடத்துக் கையெழுத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம்."

ஃபென்னாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ரூர்ட் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஃபென்னா அழுதாள்.

"விடு, வேற வேலை வரும்," என்றான்.

"வேலைக்கு அழலடா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை அந்தக் கால்வாய்க் கரையில, ஏற்கெனவே ஆள் உக்காந்துட்ட நாற்காலிக்காக, அந்த ஒளியை யாருக்கும் தெரியாம சாகவிடப் பாத்தேன். பாதி மனசு இல்ல, முக்காவாசி மனசு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜப்பான்காரர்களின் வரைபடத்தை மறுபடி திறந்தாள்.