நெட்டிக் கை

போன் கம்பெனிப் பேச்சிராஜின் வலது கை சென்ற ஐப்பசியில் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் கரைந்து போனது. நல்ல மழை. நுரை டீக்கடை வாசல்வரை ஓடியது, மல்லிகை வாசம் இரண்டு நாள் நின்றது. சோப்பில் செய்த கை மழையில் வேறென்ன செய்யும் என்றார்கள். நோவு கண்ட உறுப்பை உருவாகச் செதுக்கி ஏரிக்கரை எல்லையம்மனுக்கு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நோவுள்ளவர் தாமே செதுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வைக்க வேண்டும். விடிந்தால் பழைய உறுப்பின் இடத்தில் அந்த உரு இருக்கும். சிறிதாகச் செய்தாலும் அம்மன் அளவைச் சரிசெய்துவிடுவாள், பொருளை மாற்றமாட்டாள். பயிர் வைத்த காலத்தில் முழங்கால்கள்தான் அதிகம் வந்தன, எல்லாம் வேப்பங்கட்டை. கம்பெனிகள் வந்தபின் மணிக்கட்டுகள் வந்தன. மணிக்கட்டு போனவரால் வேம்பைச் செதுக்க முடியாது என்பதை அம்மன் யோசித்திருக்கவில்லை.

திசையன்விளைக்காரி முத்துச்செல்வி மூன்று வருடமாகப் போன் செய்யும் கம்பெனி லைனில் ஸ்க்ரூ முடுக்குகிறவள். ஆனி மாதத்தில் அவளுடைய வலது மணிக்கட்டு சோற்றைப் பிசையவும் மறுத்தது. வருகிற திங்கட்கிழமை ஒவ்வொருவரும் முடுக்கியைப் பிடித்துப் பத்து நிமிடம் கையை நீட்டி நிற்க வேண்டும், கை தாழ்ந்தால் ஊருக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் ஜீவானந்தம் சுற்றறிக்கை போட்டிருந்தார். ஊருக்குப் போனால் அவளை மறுபடி வெளியே விடமாட்டார்கள். உடன் தங்கியிருந்த ஷாரோன்தான் மூன்று நாளாக அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள்.

உரு செதுக்க வேம்பை எடுத்தாள், கத்தி இறங்கவில்லை. மெழுகில் இறங்கியது, ஆனால் வெயிலில் உருகும். சுரைக்காய் இன்னும் எளிது, அழுகும். வியாழனன்று வீட்டுக்காரி பாப்பம்மாள் அரிவாள்மணையில் பூசணி நறுக்குவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்கும் மணிக்கட்டு வீக்கம்தான். ஆனால் அங்கே கத்தி அசையவில்லை, காய்தான் அசைந்தது. மணையை மிதித்துக்கொண்டு தோளிலிருந்து தள்ளினால் மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. பொருளுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியோரம் மாட்டுப் பொங்கல் மாலை கட்டும் நெட்டித் தண்டு காய்ந்து கிடந்தது, பஞ்சைவிட லேசு. நகத்தால் கீறலாம், தண்ணீரில் கரையாது. ஒரு பிடி ஒடித்து வந்து மணையைக் கேட்டாள்.

“இன்னாத்துக்குமே? காய் அரியவா, கை அரியவா?”

“கைதாம்மா.”

“கழுவி வச்சிரு. எனுக்குக் கொழம்பு வைக்கணும்.”

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மூன்று தண்டுகள் உடைந்தன. நான்காவதில் கட்டைவிரல் வந்தது, ஆள்காட்டி விரல் வந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஷாரோன் சீவலைக் கையால் ஒதுக்கினாள். ஆறேகால் மணிக்குத் தண்டைத் திருப்பும்போது சுண்டுவிரல் சத்தமில்லாமல் தரையில் விழுந்தது. வேறு தண்டு இல்லை. கோயில் ஒரு மைல். ஜன்னல் கம்பியில் வெயில் சிவந்துவிட்டது.

“ஏட்டி, பெவிக்விக் போட்டு ஒட்டிருவமா?”

முத்துச்செல்வி தன் நிஜச் சுண்டுவிரலைப் பார்த்தாள். “ஒட்டுனது லைன்ல களண்டு விளுந்தா? ஸ்க்ரூ பிடிக்க ரெண்டு விரல்தானட்டி வேணும்.”

ஓடினார்கள். வைத்தபோது ஏரிக்கு அந்தப் பக்கம் சூரியன் பாதி இருந்தது.

சனிக்கிழமை காலை அவளுக்கு வலி இல்லை. கை வெள்ளையாக இருந்தது, சுண்டுவிரல் இருந்த இடம் வழுவழுப்பாக இருந்தது. ஒரே ஒரு சங்கதி, அது கீழே நிற்க மறுத்தது. திங்கட்கிழமை அவளுக்கு முன்னால் ஏழு பேருடைய கைகள் தாழ்ந்தன, ஏழு பேரும் தலைகுனிந்து கேட்டைத் தாண்டினார்கள். அவளுடைய கை ஐந்தாம் நிமிடம் தோளைத் தாண்டியது. ஒன்பதாம் நிமிடம் முடுக்கியோடு தலைக்கு மேலே போய்விட்டது, அவள் நுனிக்காலில் நின்றாள். ஜீவானந்தம் கடிகாரத்தையும் சுற்றறிக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தாழக் கூடாதுன்னுதான் போட்டுக்கீது,” என்று டிக் அடித்தார்.

நிலைமின்சாரம் போனைத் தாக்காமலிருக்க லைனில் எல்லோரையும் மேசையோடு இணைக்கும் மணிக்கட்டுப் பட்டை அவளுடைய கையை வேண்டிய உயரத்தில் நிறுத்திக்கொண்டது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் அவள் அசந்து தூங்கும்போது கை மெல்ல எழும்பிக் கூரையைத் தட்டும். ஷாரோன் முன் சீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே அதைப் பிடித்து இழுத்து, தன் பைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.