குமிழிச் சத்தம்

துல்கர்னைன் மதுரையிலிருந்து வீடு திரும்பியபோது நெஞ்சிலிருந்து ஒரு குழாயும், அதன் முனையில் ஒரு பாட்டிலும் கூடவே வந்தன. வலது நுரையீரலில் இருந்த கட்டியை ரோபோ வைத்து எடுத்திருந்தார்கள். நெஞ்சைப் பிளக்கவில்லை, விலாவில் சின்னச் சின்ன ஓட்டைகள்தான். வெட்டிய இடத்தை உள்ளேயே ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தார்கள். அரிசிமணியைவிடச் சிறிய பின்கள், வரிசை வரிசையாக. அதில் ஓர் இடத்தில் மட்டும் காற்று கசிந்தது.

"சவுதி தம்மாம்ல காலமெல்லாம் துணி தச்சவன் சொல்லுதேன், மிஷின் நல்ல மிஷின்தான்" என்றார் மனைவியிடம். "துணி நைஞ்சு கெடந்தா அது என்ன செய்யும்? சிகரெட்டுல ஊறின துணில்லா இது!"

ஷமீம் பானுவுக்குச் சிரிப்பு வரவில்லை. கசியும் காற்று குழாய் வழியாக வந்து பாட்டில் தண்ணீருக்குள் களகளவென்று குமிழியிடும். அவர் இருமினால் பொங்கும். குமிழி நின்றால் உள்ளே மூடிக்கொண்டது என்று பொருள், குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழாயில் இருந்த கிளிப்பைப் பற்றி நர்ஸ் எச்சரித்திருந்தாள். பாட்டில் மாற்றும்போது மட்டும் அதைப் பூட்டலாம், உடனே திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் கசியும் காற்று வெளியேற வழியில்லாமல் தேங்கி நுரையீரலையே நசுக்கிவிடும். தொழும்போதுகூட பானுவின் ஒரு காது பாட்டில் பக்கமே இருந்தது. அந்தச் சத்தம் அவளுடைய உறக்கத்தைத் தின்றது.

மகள் அதீபாவைப் பெண் பார்க்கப் பண்பொழியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஆபரேஷனுக்கு முன்பே பேச்சாகியிருந்தது.

"தள்ளிப் போடுவோமாங்க?"

"போட்டா ஏன்னு கேப்பாக. வாப்பாவுக்கு நெஞ்சுல கட்டின்னா பிள்ளைக்கும் வருமோன்னு யோசிப்பாக. பொறவு நானே சொல்லிக்கிடுதேன். லூசா ஜிப்பா போட்டு, பாட்டில சோபாவுக்குப் பின்னால வச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

"சத்தம் கேக்குமே."

"ஃபேனை முழுசா வச்சிருவேன். நீ உள்ள பொம்பளையளைக் கவனிட்டி."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே இலஞ்சியில் சாரல். மாப்பிள்ளையின் வாப்பா மூசா, துல்கர்னைனோடு முன்னறையில் உட்கார்ந்தார். பெண்கள் எல்லோரும் உள்ளறையில். நடுவே ஒரு திரை. வந்த ஆண்கள் இருக்கும்வரை பானு அந்தத் திரையைத் தாண்ட மாட்டாள். அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

"மைனி, வட்டலப்பம் நீங்க செஞ்சதா, பிள்ளை செஞ்சதா?" மாப்பிள்ளையின் உம்மா கேட்டாள். "உண்மையச் சொல்லிருங்க. எம்மவன் வயித்துக்குன்னே பொறந்தவன், பொறவு என்னைய ஏசுவான்."

பெண்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனது. ஃபேன் நின்றது. பானு திரையைப் பார்த்தாள். இனி அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும்.

கேட்கவில்லை.

காதைத் தீட்டிக்கொண்டாள். முற்றத்துத் தகரத்தில் சாரல் விழும் ஓசை மட்டும்தான். அப்படியானால் மூடிக்கொண்டதா? இன்றைக்கே, இந்த நேரத்திலேயா? அல்ஹம்துலில்லாஹ் என்று உதடு முணுமுணுத்தது. கண் கலங்கியதை மறைக்க, மாப்பிள்ளையின் உம்மாவுக்கு இன்னொரு கரண்டி வட்டலப்பம் வைத்தாள்.

திரைக்கு அப்பாலிருந்து மூசாவின் குரல் வந்தது. "என்ன பாய், இந்தக் குளுருலயும் இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல... கரண்டு... இல்லல்லா..."

ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிற மனிதர். வார்த்தைக்கு வார்த்தை மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். பானு கரண்டியைக் கீழே வைத்தாள். குமிழி தானாக நிற்கவில்லை. சத்தம் கேட்காமலிருக்க அவர் கிளிப்பைப் பூட்டியிருக்கிறார்.

அதீபா பூ வைத்த தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். திரையை விலக்கினால் இந்தச் சம்பந்தம் போய்விடும். பானு அவளை ஒருமுறை பார்த்தாள். திரையைக் கிழிக்கிற மாதிரி இழுத்துவிட்டு ஓடினாள்.

துல்கர்னைனின் உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன. சோபாவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, கிளிப்பைப் பிடித்துத் திறந்தாள். பாட்டில் உலைநீராகக் கொதித்தது.

மூசா எழுந்துவிட்டார். "யா அல்லாஹ், என்ன இது?"

"அவுக மூச்சுண்ணே! வண்டிய எடுங்க!"

காரில் அவள் சீட்டில் உட்காரவில்லை. பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். கணவரின் காலடியில் குந்தி, அதை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டாள். குற்றாலத்தில் குளித்துத் திரும்பும் வேன்கள் தென்காசி ரோட்டை அடைத்து நின்றன. ஈரத்தலையும் துண்டுமாய் ஜன்னலோரம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மூசா இறங்கி, மழையில் நனைந்துகொண்டே வேனைத் தட்டினார்.

"ஒதுக்குங்கலே! உள்ள உயிரு கெடக்கு!"

துல்கர்னைன் கண்ணைத் திறந்தார். முகத்தில் நிறம் திரும்பவில்லை. "ஏட்டி... அவுகளுக்குக் கோவமா?"

"நடுரோட்டுல எறங்கி நமக்காகச் சண்டை போடுதாக. நீங்க பேசாதீங்க."

"அப்பம்... பிள்ளையப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு இருமினார். தண்ணீர் பொங்கி அடங்கியது. இத்தனை நாளும் எந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று துஆ கேட்டாளோ, அதைத்தான் இப்போது கெஞ்சினாள். இன்னொன்று. ரப்பே, இன்னும் ஒன்று.

கார் நகர்ந்தது. மூசா திரும்பிப் பார்க்காமல் ஹாரனை அழுத்தியபடியே ஓட்டினார். ஆஸ்பத்திரியின் போர்டு கண்ணில் பட்டபோது பாட்டில் அமைதியாகியிருந்தது. பானுவின் விரல்கள் பதறிக் குழாயைத் தடவிப் போய்க் கிளிப்பைத் தொட்டன.

அது திறந்துதான் இருந்தது.