பத்துப் பொருத்தமும் உள்ள கணக்குப்பிள்ளை

ரங்கூன் கடையில் ஏழு வருடம் பேரேடு எழுதியவன் நான். காரைக்குடி எண்ணெய்க் கடை ஒன்றுக்குக் கணக்குப்பிள்ளை வேண்டும் என்று கேள்விப்பட்டு, சாக்கோட்டையிலிருந்து வெயிலில் நடந்தே வந்தேன். முதலாளி கோட்டைச்சாமி என்னிடம் ஒரு கணக்குக்கூடக் கேட்கவில்லை.

"சாதகம் கொண்டாந்திருக்கீகளா?" என்றார்.

"எதுக்குங்க?"

"போன கணக்குப்பிள்ளை வந்த நேரம், செக்குமாடு செத்துப்போச்சு. இந்தத் தடவ என் சாதகத்தோட பொருந்துற ஆளத்தான் வைக்கப்போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்குக் கழுத்தை நீட்டவா வந்திருக்கிறேன்? ஆனாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று சாதகத்தை எடுத்து நீட்டினேன். பக்கத்தில் இருந்த சோசியர் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எனக்கு முன்னால் வந்திருந்த சோணை என்பவனுக்குப் பத்துப் பொருத்தமும் இருந்ததாம். அவனையே கணக்குப் பெட்டியின் முன் உட்காரவைத்தார்கள்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அப்போது பதினெட்டுப் படி எண்ணெய் வாங்கிய நாச்சியாபுரத்து வண்டிக்காரர், "எம்புட்டு ஆச்சு?" என்று கேட்டார். படி ஆறே முக்கால் அணா. சோணை விரலை மடக்கினான், நீட்டினான், மறுபடியும் மடக்கினான். முதலாளிக்கு வேர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, போறதுதான் போறீக, இத மட்டும் போட்டுச் சொல்லிட்டுப் போங்களேன்!"

ஏழு ரூபாய் ஒன்பதரை அணா. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"அதையும் சோசியர்கிட்டயே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.