மூணு தரம்

வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "கேளு, கேளு, கண்ணாடி மாரி கீது, கேளு" என்று நீலா குரல் கொடுத்த மறு நொடியே, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எவனோ ஒருத்தன், "செத்துப்பூட்டாக் கூட பரவால்ல நைனா!" என்று கத்தினான். பக்கத்திலிருந்தவன் வாயாலேயே "டொய்ங்" என்று ஒரு சத்தம் போட்டான். அவ்வளவுதான், சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள், ஐஸ் தள்ளுகிறவர்கள், கூடைக்காரிகள் எல்லாரும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவள் நீலா. போட்டுக்காரன் கடனுக்கு அழுவான், வியாபாரி விலைக்கு அழுவான், சண்டை வரும், கெட்ட வார்த்தை வரும், செருப்புகூட வந்திருக்கிறது. ஆனால் அவள் ஏலம் கூறும்போது ஒரு பயல் சிரித்ததில்லை. மீனைத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

"இன்னாடா சிரிப்பு? இங்க இன்னா ரெக்கார்டு டான்ஸா நடக்குது?" என்று ஒரு அதட்டல் போட்டு, அந்தக் கூறு மீனை முடித்து, அடுத்த கூறையும் முடித்தாள். கூடை தூக்கப் போன தாயம்மாவைப் பிடித்து நிறுத்தி, என்ன சங்கதி என்று கேட்டாள். இருவரும் ஒன்றாகத் தொழிலுக்கு வந்தவர்கள், ஒருத்திக்கொருத்தி மறைக்க மாட்டார்கள்.

"இன்னாமே, ஒனுக்குத் தெரியாதா?" என்றாள் தாயம்மா. "நேத்து சாய்ந்தரத்துலேர்ந்து ரேடியோல நீதான் ஓடிக்கினு கீற. பாட்டுக்குப் பாட்டு நடுவுல போட்றான். நீ இன்னாடான்னா ஒண்ணுந் தெரியாத மாரி நிக்கிற."

டீக்கடை ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள் நீலா. ஒரு பாட்டு முடிந்தது, பல்பொடி விளம்பரம் முடிந்தது, பிறகு அவளே வந்தாள். அவள் குரலேதான். "அத்தக் கேட்டுக்கினே செத்துப்பூட்டாக் கூட பரவால்ல நைனா!" உடனே ஒரு டொய்ங். மறுபடியும் அதே வார்த்தை, இன்னும் சத்தமாக. தகரத்தை உருட்டிவிட்ட சத்தம். மூன்றாவது தடவை தொண்டை கிழிய. அப்புறம் கூட்டம் கூட்டமாகச் சிரிப்பு. கடைசியில் ஒரு கொஞ்சல் குரல், "ஹம்சவேணி லைவ்! இந்த சனிக்கிழமை! நீங்க ரெடியா நைனா?" என்று கேட்டது. டீக்கடைக்காரன் கிளாஸை நீட்டி, "துட்டு வாணாம்க்கா, ஸ்டார் ஆயிட்ட நீ" என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அந்த டீயை அவள் குடிக்கவில்லை.

நடந்தது இதுதான். புதிதாக வந்த எஃப்.எம். ஸ்டேஷன் ஒன்றில் டிங்கு என்று ஒருத்தன், போன் போட்டால் கேட்ட பாட்டைப் போடுவான். நீலாவின் தம்பி மணி எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன், போன மாதம் தவணையில் செல்போன் வாங்கியிருந்தான். அதிலிருந்து அவனே அழுத்தி அழுத்தி, விரல் வலிக்க அழுத்தி, லைன் கிடைத்ததும் அக்காவின் காதில் வைத்தான். யாருக்காக? பாடகி ஹம்சவேணி அம்மாவுக்காக. ஒரு காலத்தில் வருஷத்துக்கு நாலு பாட்டுதான் பாடுவார்கள் அந்த அம்மாள், ஆனால் அந்த நாலுக்காக நீலா மிச்ச வருஷத்தைத் தள்ளுவாள். பெற்ற அம்மா மீன் கூடையோடு தெருத் தெருவாகப் போன நாட்களில், திருவொற்றியூர்க் குப்பத்து ஓட்டு வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு டிரான்சிஸ்டர்தான் கதி. ஆண் பாடும் வரிகள் மணிக்கு, பெண் பாடும் வரிகள் அவளுக்கு. ஒரு மழைப் பாட்டில் சரணத்துக்கு முன்னால் ஹம்சவேணி அம்மா லேசாகச் சிரிப்பார்கள். சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சு கொஞ்சம் உடைந்து வரும். அந்த ஒரு மூச்சை நீலா கண்ணாடி முன்னால் நின்று எத்தனை நாள் பழகியிருப்பாள்! "ஒரு நாளு நேர்ல கூட்டிக்கினு போறேன்க்கா" என்று கால்சட்டை போட்ட வயதில் மணி சொன்னான். சொன்னதை அவனும் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை.

அந்த மழைப் பாட்டைத்தான் கேட்டாள் டிங்குவிடம். ஏன் அந்தப் பாட்டு என்று அவன் கேட்டான். மனசில் உள்ளதைச் சொன்னாள். "அத்தக் கேட்டுக்கினே செத்துப்பூட்டாக் கூட பரவால்ல நைனா" என்றாள். பிறகு அவன், "அக்கா, சூப்பர், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். துறைமுகத்தில் இன்னொரு தபா சொல் என்று ஒருத்தன் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பின்வரிசைக்குக் கேட்கவில்லை. கேட்காதவனை விட்டுவிட்டு ஏலத்தை முடித்தால் அது அநியாயம். அதனால் எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து சொன்னாள். அவன் மறுபடியும் கேட்டான். மூன்றாவது தரமும் சொன்னாள், கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி. மூன்று தரம் சொன்னால் அது முடிந்த பேச்சு. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. அந்தப் பாவிக்கு அது தெரியவா போகிறது! "அக்கா, உங்களுக்கு ஹம்சவேணி மேடம் கச்சேரிக்கு ரெண்டு பாஸ்! ஃப்ரண்ட் ரோ!" என்றான். நீலா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேட்ட பாட்டை அவன் போடவேயில்லை என்பதுகூட அன்றைக்கு உறைக்கவில்லை.

அப்புறம் வந்த நாட்களெல்லாம் அக்காவும் தம்பியும் பிளான் போட்டதுதான். கச்சேரி எங்கேயோ தெற்கே, ஈசிஆர் ரோட்டில் ஒரு மைதானம். அவர்களுக்கு அது வெளியூர் மாதிரி. திருவொற்றியூரில் ரயிலேறி பீச்சில் இறங்க வேண்டும், அங்கிருந்து மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில், அப்புறம் பஸ். திரும்பி வர வண்டி கிடைக்காது, ஆகவே முன்பு காசிமேட்டில் கூடை தூக்கிய ஃப்ளோரன்ஸ் இப்போது சாந்தோமில் இருக்கிறாளே, அவள் வீட்டில் படுக்கை. ஃப்ளோரன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, அவளும் இறால் தொக்கு கொண்டுவரச் சொல்லி ஆர்டர் போட்டுவிட்டாள். மீன் வாடை போக வெள்ளிக்கிழமையே தொழிலுக்கு லீவு, எலுமிச்சம்பழம் தேய்த்துத் தலைக்குக் குளியல். ரகுபதி, நீலாவின் புருஷன், போட்டில் போனவன் வர இன்னும் நாளிருக்கிறது. வந்தால் அவனுக்கு மூன்று நாளைக்குக் கதை சொல்லலாம். மணி ஒரு சிவப்புச் சட்டை தைக்கக் கொடுத்தான். "அவங்க உன்னிய பாத்துட்டா இன்னாக்கா பேசுவ?" என்று தினமும் கேட்பான். தினமும் ஒரு பதில் யோசித்து வைத்திருப்பாள், எதையும் சொல்ல மாட்டாள்.

அப்படிப்பட்ட சந்தோஷத்தைத்தான் டொய்ங் போட்டு உடைத்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் மணி வந்தபோது முகமெல்லாம் பல். பிளாஸ்டிக் கவரிலிருந்து இரண்டு பாஸையும் எடுத்து அவள் மடியில் வைத்தான். வழுவழுப்பான அட்டை, ஹம்சவேணி அம்மாவின் முகம், பெரிய பொட்டு, ஓரத்தில் தங்க எழுத்து. ஸ்டேஷனுக்கே போய் வாங்கி வந்தானாம். ஏசியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்களாம்.

"ஒரே ஒரு விசயம்க்கா. அம்மா பாட வர்றதுக்கு முன்னாடி உன்னிய மேடைக்குக் கூப்புடுவாங்க. ரேடியோல சொன்னியே, அத்தயே மைக்குல சொல்லணுமாம். மூணு தபா. நான் சரின்னுட்டேன்."

நீலா இரண்டு பாஸையும் திரும்பக் கவருக்குள் போட்டாள். அவன் உற்சாகத்தில் இன்னொன்றையும் சொன்னான். "அம்மாவுக்கே போட்டுக் காட்டினாங்களாம் உன் குரல. அத்தக் கேட்டு அவங்க பேசுனதயும் ரெக்கார்டு பண்ணிக்கீறாங்க. தோ, இப்ப வரும் பாரு." ரேடியோவைத் திருகினான். இந்தத் தடவை விளம்பரத்தில் டிங்கு கேட்டான், "மேடம், உங்க ஃபேன் எப்பிடி?" நீலாவின் குரல் வந்தது, டொய்ங் வந்தது, அதன்மேல் ஒரு சிரிப்பு. லேசான சிரிப்பு, மூச்சு கொஞ்சம் உடைந்து. "அய்யோ, யாரு இவங்க, எங்கேருந்து பிடிச்சீங்க!"

உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம், நீலாவுக்குத் தெரியும் அந்த மூச்சு. கண்ணாடி முன்னால் பழகிய மூச்சு.

"பாத்தியா, அம்மாவே சிரிச்சிட்டாங்க" என்றான் மணி.

"இன்னாத்துக்குடா சிரிச்சாங்க?"

"நீ பேசுனது புட்ச்சிருக்கும்…"

"டேய், நான் இன்னா ஜோக்கா சொன்னேன்? சாவுறேன்னு சொன்னேன்டா. அவங்க பாட்டக் கேட்டுக்கினே சாவுறேன்னு சொன்னேன். அதுல இன்னாடா சிரிப்பு கீது அவங்களுக்கு? நம்ம வாய்ல வந்தா எல்லாம் சிரிப்பா? நாளிக்கு நம்மம்மா செத்துட்டாங்கன்னு நான் அழுதாக்கூட டொய்ங்குன்னு போடுவானா?"

"அப்பிடி இல்லக்கா, நம்மள மதிச்சித்தான கூப்புட்றாங்க…"

"மதிச்சா பேரக் கேட்டிருப்பான். என் பேரு இன்னான்னு கேட்டானாடா அவன்? நீயாவது சொன்னியா?"

மணி ரேடியோவை அணைத்தான். யார்டில் இன்று காலையிலிருந்து அவனையும் எல்லாரும் 'பரவால்ல நைனா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறான். அது இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் சுருங்கிப்போயிற்று. "மேடைக்கு வாணாம்னா வாணாம்க்கா, சும்மா உக்காந்து பாட்டு கேட்டுட்டு வந்துரலாம்" என்றான்.

"அதுக்கு உட மாட்டானுங்க. நீ சரின்னு சொல்லித்தான வாங்கியாந்த?" என்றாள். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். இறால் உரித்துத் தயாராக வைத்திருந்தது. அதைத் தொக்கு செய்வதா, வேண்டாமா என்று தெரியாமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை துறைமுகத்தில் கூட்டம் அதிகம். சிரித்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். நீலா வழக்கம்போலக் கூறு கூறாக முடித்தாள், யாரையும் முறைக்கவில்லை. கடைசிக் கூறும் போனதும் கூட்டம் கலையப் பார்த்தது. "நில்லு, இன்னொண்ணு கீது" என்றாள். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, இரண்டு பாஸையும் மீனைத் தூக்குகிற மாதிரியே தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"ஹம்சவேணி அம்மா கச்சேரி. மொத வரிசை. ரெண்டு சீட்டு. கேளு!"

"இன்னா நீலா, மீன் தீந்துபூட்ச்சா?" என்றார் ஹோட்டல்களுக்கு மொத்தமாக மீன் எடுக்கும் சௌக்கத் அலி. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

நீலாவிடம் ஒரு பழக்கம் உண்டு, துறைமுகமே அறிந்த பழக்கம். கெட ஆரம்பித்த, நொந்த மீனாக இருந்தால் நொந்தது என்று சொல்லிவிட்டுத்தான் ஏலம் விடுவாள். இப்போதும் சொன்னாள். "சரக்குல ஒரு பழுது கீது, கேட்டுக்கோ. இத்த எடுக்கறவன் மேடை ஏறணும். ரேடியோல வந்துதே, அந்த வார்த்தைய அத்தினி பேரு முன்னாடி மூணு தபா சொல்லணும். அத்தினி பேரும் சிரிப்பாங்க. பாட்ற அம்மாவும் சிரிப்பாங்க. தெம்பு கீறவன் கேளு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நேற்று பின்னாலிருந்து கத்தியவன் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினான். தாயம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, "வுட்டுடுமே, ஒனுக்கு எம்மா ஆசை அது" என்று மெதுவாகச் சொன்னாள். நீலா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கேளு! ஆளுக்கு ஆளு பேசத் தெரியுதில்ல, கேளு!"

"நூறு" என்றார் சௌக்கத் அலி, அந்த மௌனம் தாங்காமல்.

"ஆயிரம்."

எல்லாரும் திரும்பினார்கள். மணி. யார்டுக்குப் போகாமல் வந்திருக்கிறான், பாதி தைத்த சட்டையைத் திரும்ப வாங்கிவந்தவன் மாதிரி கையில் ஒரு துணிப்பை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"துட்டு கீதா கைல?" என்றாள் நீலா. வேறு எந்த வியாபாரியைக் கேட்பாளோ அப்படியே கேட்டாள்.

"கீது."

"மேடை ஏறுவியா?"

"யாரும் ஏற வாணாம். நம்ம போவவே வாணாம்க்கா." பையிலிருந்து ரூபாயை எடுத்தான். "வேற ஒருத்தன் கைக்குப் போவ வாணாம், அவ்ளோதான். வூட்ல கெடக்கட்டும்."

நீலா அவனையே பார்த்தாள். கால்சட்டை போட்ட வயதில் ஆண் பாடும் வரிகளைப் பாடிய முகம்தான் அது. பிறகு பார்வையைத் திருப்பி, கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஆயிரம், ஒரு தரம்!"

டீக்கடை ரேடியோவில் அதே சமயம் அவள் வந்தாள். பரவால்ல நைனா. டொய்ங். மறுபடி அவள், தகரம். மறுபடி அவள், தொண்டை கிழிய. ஒருத்தர் அசையவில்லை. டீக்கடைக்காரன் அவசரமாக எம்பி ரேடியோவை அணைக்கப் போனான். "இருக்கட்டும்" என்று கையைக் காட்டினாள் நீலா. மூச்சு உடைந்த அந்தச் சிரிப்பு கடைசிவரை வந்து முடிகிறவரைக்கும் காத்திருந்தாள்.

"ஆயிரம், ரெண்டு தரம்!"

ரேடியோ, படகு, ஐஸ் உடைக்கிற சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே போனது அந்தக் குரல். தூக்கிய கை இறங்கவில்லை. விரலிடுக்கிலிருந்து மீன் தண்ணீர் வழிந்து அட்டைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. படத்திலிருந்த பெரிய பொட்டு கரைந்து மூக்கு வரைக்கும் வந்துவிட்டது, கன்னத்தில் ஒரு வஞ்சிரச் செதில் ஒட்டிக்கொண்டு வெயிலில் மின்னியது. மணி ரூபாயை நீட்டியபடி நின்றான். மொத்தக் கரையும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.