பச்சையம்மா பிடித்த கந்தசஷ்டி விரதம்

மனோர் பார்க் சேர்ச் றோட் முருகன் மீது ஆணையாகச் சொல்கிறேன்: இனி எழுதப்போவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எழுபத்துமூன்று வயதில் பொய் சொல்லி நான் வாங்கப்போகும் உத்தியோகம் எதுவும் கிடையாது. பொய் சொல்ல வேண்டிய வயதில் வேண்டியளவு சொல்லி முடித்துவிட்டேன். கையிருப்பில் உண்மை மட்டும்தான் மிச்சம்.

எங்கள் மகள் கௌசி கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் என்ஜினியர். அபர்டீனிலிருந்து ஹெலிகொப்டரில் கொண்டுபோய் இறக்கினால் மூன்று கிழமைக்குத் திரும்பமாட்டாள். போனும் நினைத்த நேரம் கிடைக்காது. போன ஐப்பசியில் அப்படிப் போகும்போது தன் பச்சோந்தியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். பெண், வயது பதினாலு மாதம். அவள் அதற்கு ஏதோ இங்கிலிஷ் பெயர் வைத்திருந்தாள். என் மனைவி தவநாயகிக்கு அது வாயில் நுழையவில்லை. முதல் நாளே பச்சையம்மா ஆக்கிவிட்டாள்.

கூட்டோடு ஒரு லைட், தண்ணீர் விசிறுகிற போத்தல், இரண்டு பெட்டி உயிர் வெட்டுக்கிளி, நாலு பக்கத்தில் அச்சடித்த கட்டளைகள், எனக்கென்று ஒரு தனிப் பொறுப்பு. அரை மணி கார் ஓட்டத்தில் இருக்கிற எட்மன்டனில் கொட்வின் என்பவர் பச்சோந்தி வளர்க்கிறார், அவரிடம் நல்ல ஆண் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து காட்டுவார் என்றாள் கௌசி. பச்சையம்மாவுக்கு வயது சரி. ஆனால் உடம்பு சுகமாகவும் மனம் சம்மதமாகவும் இருந்தால்தான் சேர்க்கலாம். உடம்பு என்றால்: கண் குழி விழாமல் உருண்டையாக இருக்க வேண்டும், கிளையைப் பிடிக்கும் பிடி இறுக்கமாக இருக்க வேண்டும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருக்க வேண்டும். மனம் என்றால் நிறம். சம்மதம் என்றால் இளம்பச்சையாகச் சாந்தமாக இருக்குமாம். விருப்பமில்லை என்றால் கறுத்து, வாயைப் பிளந்து, ஆடிக்காட்டுமாம். ஒவ்வொரு நாளும் நிறத்தைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

எழுதினேன். முதல் நாள் வெற்றிலையின் இளம்பச்சை, விலாவில் நாலு நீலப் புள்ளி. மூன்றாம் நாள் தவநாயகி மாம்பழ நிறச் சேலையோடு கூட்டுக்கு முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் பச்சையம்மா மாம்பழ நிறமாகி, வால் நுனியில் மட்டும் அரக்குக் கரை போட்டுக்கொண்டது. சேலையின் கரையும் அரக்குத்தான். நம்பாதவர்கள் கொப்பியைப் பார்க்கலாம்.

கொட்வின் போனில் பேசியபோது ஆணின் பெயர் சவிரிமுத்து என்றார். அது அவருடைய மாமனாரின் பெயர். மாமனாருக்கும் இரண்டு கண்ணும் இரண்டு திசை பார்க்குமாம். தன் மனைவி மேரிறோஸ் இதை மரியாதைக்காக வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறா, அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். பெயரைக் கேட்டதும் தவநாயகி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வேதக்காரரோ?"

"ஞானஸ்நானம் குடுத்ததோ தெரியாது. கேட்டுச் சொல்லட்டோ?"

 அன்றே அவள் கூட்டைத் துடைத்து, பின்பக்கத்துக்குத் துணி கட்டி, முன்பக்கக் கதவில் ஒரு துளி சந்தனமும் வைத்துவிட்டாள். எந்த இடத்துச் சம்பந்தம் என்றாலும் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் வீடு வீடாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய கொள்கை.

இதற்குள் புதன்கிழமை கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. தவநாயகி ஆறு நாளும் பாலும் பழமும்தான். விரத வீட்டுக்குள் உயிர் வதை கூடாது என்று வெட்டுக்கிளிப் பெட்டி இரண்டையும் தோட்டத்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். பச்சையம்மாவுக்குச் செவ்வரத்தை இலை. கட்டளையின் மூன்றாம் பக்கத்தில் இலையும் தின்னும் என்று போட்டிருக்கிறது என்று எனக்கே வாசித்துக் காட்டினாள். முதல் நாள் இரண்டு இலை தின்றது. அன்று அதன் நெற்றியில் சாம்பல் நிறத்தில் மூன்று கோடு விழுந்ததைக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். நேரம் காலை ஒன்பது பத்து.

வியாழக்கிழமை கடும்பச்சை, அதில் மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும். இலை தொடவில்லை. வெள்ளி அதே நிறம், அதே பட்டினி. எனக்கு மனம் கேட்கவில்லை. சனிக்கிழமை தவநாயகி கோயிலுக்குப் போயிருந்த சமயம் கொட்டிலுக்குப் போய் நல்ல கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றைப் பிடித்து நீட்டினேன். பச்சையம்மா ஒரு கண்ணால் அதைப் பார்த்தது, மறு கண்ணால் என்னைப் பார்த்தது, இரண்டையும் மூடிக்கொண்டது. ஒரு கிழமைக்கு முன் இதே மிருகம் கதவருகில் நின்ற தபால்காரரின் சட்டைப் பொத்தானை ஈ என்று நினைத்து நாக்கால் பிடுங்கியது. பொத்தான் என்னிடம் இருக்கிறது.

தவநாயகி வந்ததும் செய்ததைச் சொல்லிவிட்டேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய முகம் மலர்ந்துபோயிற்று.

"பாத்தீங்களே? வாயில்லாச் சீவன் விரதம் பிடிக்குது. நீங்கள் பின்னேரத்துக்குப் பின்னேரம் கட்லற் தின்னுறீங்கள்."

அதுவரை அவள் செய்ததெல்லாம் சரியென்றே இருந்தாள். ஞாயிறு காலை எழும்பிப் பார்த்தால் பச்சையம்மா கிளையில் இல்லை. கூட்டின் தரையில் ஒரு மூலையில் கிடந்து முன்னங்காலால் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கட்டளையின் நாலாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: தரைக்கு இறங்கிக் கிடந்தால் ஆபத்து.

தவநாயகி அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். பிறகு கதிரையில் இருந்துவிட்டாள். கௌசிக்கு வேறு பிள்ளை குட்டி இல்லை, தனி ஆள், வேலை விட்டு வந்தால் கதைக்கிறது இதோடுதான். அம்மாட்டை இருந்தால் ஒரு குறையும் வராது என்று சொல்லிவிட்டுத்தான் ஹெலிகொப்டர் ஏறினாள். அதைத் தான் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டதாகத் தவநாயகி சொன்ன விதத்தில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். செவ்வாய்க்கிழமைக்கு முந்தி ஊர்வன பார்க்கிற ஆள் இல்லை என்றார்கள். கௌசிக்கு லைன் கிடைக்கவில்லை.

"கொட்வினை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றாள். "சாகக் கிடக்கிற பிள்ளையைப் பொம்பிளை பார்க்க ஆக்களைக் கூப்பிடுறதே?"

"அவருக்குத்தான் இதின்ரை நோய் வருத்தம் தெரியும்," என்றேன் நான்.

கொட்வின் பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க மன்னார்க்காரர், பஸ் ஓட்டுகிறவர், கையில் துணி மூடிய கூட்டோடு சவிரிமுத்து. மறு கையில் மேரிறோஸ் கொடுத்துவிட்ட மீன் றோல்ஸ். விரத வீடு என்று அறிந்ததும் றோல்ஸைத் திரும்பவும் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அந்த நேரத்திலும் எனக்கு அது ஒரு இழப்பாகத்தான் இருந்தது.

அவர் அவசரப்படவில்லை. கையை மெல்லக் கூட்டுக்குள் விட்டார். பச்சையம்மா ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து அவருடைய விரலில் ஏறியது. பிடியைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். கால் எலும்பு வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எச்சம் எங்கே என்று கேட்டார். தவநாயகி எறியாமல் பேப்பரில் மடித்து வைத்திருந்ததைக் கொடுத்தாள். பிறகு வயிற்றை ஒரு விரலால், தடவினதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு, தடவினார். என் கொப்பியை வாங்கி வாசித்தார். கடைசியில் அறையின் மறு கோடியில் நின்று சவிரிமுத்துவின் துணியை நீக்கிக் காட்டினார்.

அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பச்சையம்மாவின் உடம்பு முழுவதும் கறுத்தது. வெறும் கறுப்பு அல்ல, மயிற்கழுத்துக் கறுப்பு. அதற்கு மேல் கொன்றைப்பூ மஞ்சளில் புள்ளிகள், புள்ளிக்கு நடுவில் வானநீலம், முதுகு ஓரத்தில் செம்பருத்திச் சிவப்பு. வாயைப் பிளந்து, இடமும் வலமும் ஆடி, ஒரு சீறல். சவிரிமுத்து உடனே தன் கிளைக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு கண்ணை மட்டும் வெளியில் விட்டிருந்தது.

கொட்வின் துணியை மூடினார்.

"அண்ணை, இதுக்கு வருத்தம் ஒண்டுமில்லை. வயித்தில முட்டை."

 தவநாயகி எழுந்து நின்றாள். முகம் மாறிப்போயிற்று. மாப்பிளை வீட்டாருக்கு முன்னால் இப்படி ஒரு சேதி வெளியாவது எந்தத் தாய்க்கும் வரக்கூடாத நிலைமை.

"கொட்வின்," என்றாள் மெதுவாக, "இந்த வீட்டுக்கு ஒரு ஆம்பிளை ஓணானும் வரேல்லை. கோயிலுக்குப் போற நேரம் மட்டும்தான் நான் இல்லை. அப்ப இவர்தான் நிண்டவர்." என்னைப் பார்த்தாள்.

"அக்கா, சேவல் இல்லாமல் கோழி முட்டை இடுறேல்லையே? அப்பிடித்தான். குஞ்சு வராது, ஆனால் முட்டை வரும். அதுதான் சாப்பிடேல்லை. அதுதான் கீழ இறங்கி நிலம் கிண்டப் பார்க்குது."

"அப்ப நான் பட்டினி போட்டதாலை இல்லையோ?"

"நீங்கள் போட்டது நல்லதுக்குத்தான். கண்டபடி சாப்பாடு தீத்தினால் எழுபது எண்பது வைச்சுக்கொண்டு இட ஏலாமல் செத்துப்போகும். என்ரை ஒண்டு அப்பிடிப் போனது."

தவநாயகி திரும்பவும் கதிரையில் இருந்தாள். ஆனால் கொட்வின் இன்னும் முடிக்கவில்லை. தோண்ட மண் இல்லாவிட்டால் இது முட்டையை உள்ளேயே அடக்கி வைத்திருக்கும்; நாளைக்குள் இடாவிட்டால் காப்பாற்ற ஏலாது என்றார். சேர்க்கிற கதை இந்த வருடத்துக்கு இல்லை, முதலில் உயிர்.

அவர் காரை எடுத்துக்கொண்டு போய் விளையாட்டு மணல் இரண்டு பை வாங்கி வந்தார். ஆழமான பாத்திரம் வேண்டும் என்றதும் தவநாயகி தைப்பொங்கல் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். மணலைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. பிட்டுக்கு மா குழைக்கிற பதம் என்று நான் விளக்கியபோது, அந்தப் பதம் தனக்குத் தெரியாதா என்று அவளே கையை விட்டுக் குழைத்தாள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தோண்டுவதை நிறுத்திவிடுமாம். அதனால் கூட்டை முழுவதும் மூட வேண்டும். படுக்கை விரிப்பு மெல்லியது, வெளிச்சம் போகும் என்று சொல்லி, அலுமாரிக்குள்ளிருந்து தன் கூறைச்சேலையை எடுத்து வந்தாள். நாற்பத்திரண்டு வருடம் மடிப்புக் கலையாமல் இருந்த சேலை.

திங்கட்கிழமை சூரன்போர். கோயிலுக்குப் போவதா வீட்டில் நிற்பதா என்று தவநாயகி வாசலில் செருப்பை மூன்று தரம் போட்டுக் கழற்றினாள். பிறகு, தான் நின்றால் எட்டிப் பார்க்காமல் இருக்க ஏலாது என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் நின்றேன். நானும் எட்டிப் பார்த்தேன். சேலை மடிப்பின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்தபோது, பானைக்குள்ளிருந்து பச்சையம்மாவும் ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. மறு கண் வேலையில் இருந்தது. இருவரும் மரியாதையாக விலகிக்கொண்டோம்.

மூன்று மணிக்கு மண் எறிகிற சத்தம் நின்றது. நாலரைக்கு மேலே ஏறி வந்தது. விலா ஒட்டி, முகம் எல்லாம் மணல், நிறம் துவைத்த துணிபோல வெளிறி, ஆனால் கிளையைப் பிடித்த பிடி இரும்பு. குழியை மூடி, மேலே தட்டிச் சமன் செய்து, எங்கே தோண்டியது என்றே தெரியாமல் வைத்திருந்தது. போத்தலால் தண்ணீர் விசிறினேன். இருபது நிமிடம் நிறுத்தாமல் குடித்தது.

தவநாயகி வந்து செருப்போடே உள்ளே ஓடினாள். இருவரும் மணலைக் கரண்டியால் விலக்கி எண்ணினோம். இருபத்துமூன்று முட்டை. அவள் பானைக்கு முன்னால் நிலத்தில் இருந்தபடி அழுதாள். இரண்டு நாளாக அழாததையும் சேர்த்து அழுதாள். நான் கொட்வினுக்குப் போன் எடுத்தேன். அவர் பஸ் ஓட்டத் தொடங்கப்போகிறவர்; கேட்டுவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, இனி எங்கட அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கோ என்றார்.

அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை விரதம் முடிக்கிற பாறணைக்குத்தான் சாப்பிட்டாள். அதற்கு முதல் கொட்டிலுக்குத் தானே போய், தன் கையாலேயே ஒரு வெட்டுக்கிளியைக் கொண்டுவந்து நீட்டினாள். நாக்கு வெளியே வந்ததை யாரும் காணவில்லை; வெட்டுக்கிளி இல்லாமல் போனதைத்தான் கண்டோம். "பிள்ளை பாறணை முடிச்சிட்டாள்," என்றாள் தவநாயகி. பிறகு தன் சோற்றுக்கு இருந்தாள். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள்.

அன்று பின்னேரம் கௌசிக்கு லைன் கிடைத்தது. முழுக் கதையையும் சொன்னேன். கொட்வின் அதற்கிடையில் அவளுக்கு எழுதியிருந்தார்: அண்ணையின் கொப்பியில் வியாழக்கிழமைக்கு நேரே கடும்பச்சை, மஞ்சள் புள்ளி, நீலப் புள்ளி என்று இருந்ததைக் கண்டபோதே முட்டை என்று பிடித்துவிட்டாராம், வயிற்றைத் தடவியது உறுதி செய்யத்தானாம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பச்சோந்தி வளர்ப்பவர்களின் குழுவில் போட்டிருக்கிறார். அவர்களுடைய சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நான் வந்து, நிறத்தை வைத்து உடம்பையும் மனதையும் அறிவது எப்படி என்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"அப்பா, நீங்கள் நிறத்தைச் சரியாப் பாத்து எழுதினபடியாத்தான் அவள் தப்பினவள்," என்றாள் கௌசி. 

ஓம் பிள்ளை என்றேன். பேசவும் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்துநாலில் புகையிரதப் பகுதியில் எனக்கு வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம், பிறந்த நாளிலிருந்து இன்றுவரை உலகத்தில் உள்ள எல்லாமே எனக்கு ஒரே சாம்பல் நிறமாகத் தெரிவதுதான்.